‘முதல் ஆள்’ பட்டம் இருக்கட்டும், பாட்டைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜேக்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய திருவிழா மேடைகள், நெருப்பு கக்கும் அலங்காரம், வெளிநாட்டுக் கலைஞர்கள் ஒரு ராத்திரிக்கு வாங்கும் தொகை எல்லாம் சுவையாகவே இருந்தன. கடைசிப் பத்தியில்தான் ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். சிகாகோவில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை அதற்கு முன்பே மும்பையில் சரண்ஜித் சிங் என்பவர் செய்துவிட்டார் என்று. அத்தோடு கட்டுரை முடிந்தது. அந்த ரெக்கார்டு எப்படி ஒலிக்கும், அதில் எந்தப் பாட்டைக் கேட்கலாம், இன்றைக்கு ஒரு டிஜே அதை எங்கே போடலாம் என்று ஒரு வார்த்தை இல்லை.

சரண்ஜித் சிங்கைப் பற்றி யார் எழுதினாலும் இதேதான். ‘முதல் ஆள்’ என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பட்டம் கிடைத்தவரின் பாட்டை யாரும் போடுவதில்லை. எனக்கு இது தொழில் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் திண்டுக்கல் பக்கம் மைக்செட் கட்டிக்கொண்டிருந்த குடும்பம். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர். என் காலத்தில் கேசட், அப்புறம் சி.டி., இப்போது கன்ட்ரோலரும் பென் டிரைவும். கல்யாண ரிசப்ஷன்தான் எனக்குச் சோறு போடுகிறது. நகரத்து கிளப்பில் வாசிக்கும் பையன்களுக்கு ஒரே வயதுக் கூட்டம். எனக்கு முன்வரிசையில் பாட்டி, நடுவில் மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள், பின்னால் காலேஜ் பையன்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஆக ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணி நேரம்தான். அதில் எல்லோரும் எதிர்பார்க்கும் குத்துப்பாட்டுக்குக் கடைசி முக்கால் மணி நேரம். அதற்கு முன்னால் இருக்கிற நேரத்தை என்ன செய்வது என்பதில்தான் ஒரு டிஜேயின் சரக்கு தெரியும். பந்தி ஓடிக்கொண்டிருக்கும், மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், யாரும் ஆட மாட்டார்கள், ஆனால் மண்டபம் சப்பென்றும் ஆகிவிடக் கூடாது. யாரும் கவனிக்காமல் விட்ட ரெக்கார்டுகளுக்கு என்னிடம் வேலை இருப்பது அந்த நேரத்தில்தான்.

சரி, சரண்ஜித் சிங். இவர் மும்பையில் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கித்தாரும் கீபோர்டும் வாசித்தவர். சங்கர் – ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த் – பியாரேலால் என்று பெரிய ஆட்கள் எல்லோரிடமும் வேலை செய்தவர். பாடல்களில் அவர் பெயர் வராது, வாசிப்பு வரும். சொந்தமாகக் கல்யாண பேண்டும் வைத்திருந்தார் என்பது தெரிந்தபோது எனக்கு அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. நம்ம ஆள்!

1980-களின் தொடக்கத்தில் ரோலண்டு கம்பெனியின் மூன்று சாதனங்கள் அவர் கைக்கு வந்தன. ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு), டிஆர்-808 என்ற டிரம் மெஷின், டிபி-303 என்ற சின்னப் பெட்டி. இந்தக் கடைசிப் பெட்டி 1981-ல் வந்தது. தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் கித்தார்காரர்களுக்குப் பின்னால் பாஸ் (கீழ் ஸ்தாயி) வாசிக்கட்டும் என்று செய்தது. நிஜ பாஸ் கித்தார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. விற்கவில்லை, 1984-ல் உற்பத்தியையும் நிறுத்திவிட்டார்கள். அதில் 16 படிகளில் ஸ்வரங்களை எழுதி வைத்தால் சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு சங்கதி சேர்க்கலாம். ஒன்று அழுத்தம். இன்னொன்று ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது. வழுக்கிப் போகிற பாஸ் என்றால் நம்ம ஊர்க் காதுக்கு விளக்கம் தேவையில்லை.

1982-ல் அவர் அந்த மூன்றையும் இணைத்து ஒரு எல்.பி. இசைத்தட்டு போட்டார். எச்.எம்.வி. வெளியீடு. ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று பெயர். பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்று பத்து ராகம், பத்து டிராக். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. கீழே 808 நாலுக்கு நாலு கிக் (பெரிய டிரம்மின் அடி) அடித்துக்கொண்டே போகும். அதற்கு மேல் 303 பாஸை உருட்டிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஜூபிடரில் அவர் கையால் ராகத்தை வாசிப்பார். கை வாசிப்பது மேலே, மெஷின் ஓடுவது கீழே. இதைப் பிரித்துக் கேட்டால்தான் அந்த ரெக்கார்டு பிடிபடும். எல்லாமே கம்ப்யூட்டர் வாசித்தது என்று நினைத்துக் கேட்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த வருடம் நாடு முழுக்க டிஸ்கோ பைத்தியம். பாடகி நாஸியா ஹசனின் கேசட் இல்லாத டீக்கடை இல்லை. ‘டிஸ்கோ டான்ஸர்’ படமும் அதே வருடம்தான் வந்தது. அந்த அலையிலும் இந்த எல்.பி. போகவில்லை. பாட வார்த்தை இல்லாததை டிஸ்கோ ரசிகர் வாங்கவில்லை. டிரம் மெஷின் இருக்கிறதைச் சங்கீதக்காரர் வாங்கவில்லை. எச்.எம்.வி. மேல் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் போட்டார்களே, அது போதும். 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் இதைக் கண்டெடுத்து, பிறகு மும்பையில் சிங்கையே தேடிப் பிடித்தார். 2010-ல் ‘பாம்பே கனெக்‌ஷன்’ என்ற தன் இசைத்தட்டு லேபிளில் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்களில் சிலர் இது யாரோ இப்போது செய்துவிட்டுப் பழசு என்று கதை கட்டுகிறார்கள் என்றே சந்தேகப்பட்டார்கள். அவ்வளவு புதிதாக இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு சிங் ஐரோப்பாவில் மேடை ஏறி வாசித்தார். 2015 ஜூலையில் காலமானார்.

இப்போது டிஜே வேலைக்கு வருகிறேன். நம்ம பழைய சினிமாப் பாட்டுகளை மிக்ஸ் செய்வதில் பெரிய தொல்லை, அவற்றில் டிரம்ஸ் வாசித்தது மனிதர். உணர்ச்சி ஏறினால் தாளமும் ஒரு மயிரிழை ஏறும். கேட்க அது அழகு. ஆனால் சாஃப்ட்வேர் போடும் பீட் கோடு பாட்டின் பாதியில் விலகிவிடும், ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். சிங்கின் ரெக்கார்டில் அந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் வைத்த வேகம் கடைசி வரை அசையாது. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறவும் மாறாது, ஒரே ஆதார ஸ்ருதி. நம்ம ஊர்ப் பாட்டோ வெளியூர் ஹவுஸ் டிராக்கோ, ஸ்ருதி பொருந்தினால் எந்த இடத்திலும் கோக்கலாம். வார்த்தை இல்லாததால் மேலே இன்னொரு குரலை வைத்தாலும் முட்டாது. அன்று கடையில் விற்காததற்கு என்னென்ன காரணமோ அவ்வளவும் இன்று எனக்கு வசதி.

எதைப் போடலாம்? பூபாலி என்பது நம்ம மோகனம். மால்கௌன்ஸ் ஹிந்தோளம். கலாவதி வலஜி. பைராகி ரேவதி. யமன் ஏறத்தாழக் கல்யாணி, பைரவ் மாயாமாளவகௌளை பக்கம். பந்தி நேரத்துக்கு பூபாலியும் கலாவதியும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அங்கே தோடி என்று போட்டிருப்பது நம்ம தோடி இல்லை, சுபபந்துவராளி. அதைக் கல்யாண வீட்டில் தவிர்த்துவிடுங்கள். பெண்ணைப் பெற்றவர் ஏற்கெனவே கலங்கிப்போய் நிற்கிற நேரம், கீழே டிஸ்கோ பீட் ஓடினாலும் ராகம் தன் வேலையைக் காட்டிவிடும். மால்கௌன்ஸை நான் வைத்திருப்பது பந்தி முடிந்து கூட்டம் நாற்காலிக்குத் திரும்பும்போது சப்வூபரைக் கொஞ்சம் ஏற்றிப் போட.

ஒரு முறை நத்தம் பக்கம் ஒரு மண்டபத்தில் பூபாலி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் வாசித்த பெரியவர் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே கன்சோல் பக்கம் வந்து நின்றார்.

“தம்பி, மோகனம் வாசிக்கிறது யாரு?”

“பம்பாய்க்காரர் ஐயா. சிந்தசைசர்.”

“மேலே சரி. கீழே ஒண்ணு சும்மா சுத்திக்கிட்டே இருக்கே, அது யாரு?”

“அது ஆள் இல்லைங்கய்யா, பெட்டி.”

கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். “பெட்டி காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குச் சறுக்குது பாரு. எங்க பையன் இன்னும் முட்டிக்கிட்டு நிக்கிறான்” என்றார். பாவம், ஒத்து ஊதிக்கொண்டிருந்த பையன் பக்கத்திலேயே இருந்தான். அந்த டிராக் முடியும் வரை பெரியவர் நகரவில்லை. முடிந்ததும் “அடுத்து என்ன?” என்றார். கலாவதி போட்டேன். “வலஜி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வெகுகாலம் யாரும் சீண்டாத ரெக்கார்டுக்கு எங்கள் ஜில்லாவில் கிடைத்த விமர்சனம் அது. அதற்கு மேல் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

உங்கள் கட்டுரை சிகாகோவையும் மும்பையையும் பந்தயத்தில் நிறுத்தியது எனக்கு ஒப்பவில்லை. சிகாகோ பையன்கள் சிங்கைக் கேட்டதில்லை. ஃப்யூச்சர் என்று பெயர் வைத்துக்கொண்ட மூன்று பேர், டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே, யாருக்கும் வேண்டாத அதே 303 பெட்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதன் குமிழ்களைத் திருகித் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ செய்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் டிராக். டேப்பில் பதிந்து, மியூசிக் பாக்ஸ் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் போட்டதும் நடனத் தளம் காலியாகிவிட்டதாம். அவர் அசரவில்லை. அதே ராத்திரியில் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். நாலாவது முறை கூட்டம் கூத்தாடியது. ரெக்கார்டாக 1987-ல் வந்தபோது அது ஏற்கெனவே ஊரறிந்த பாட்டு. பியர் பல பேட்டிகளில் சொன்ன கதை இது.

இரண்டு இடத்திலும் அதே பெட்டிதான். சிகாகோவில் ஒரே ராத்திரியில் நாலு முறை போட ஒரு டிஜே இருந்தார், மும்பையில் இல்லை. யார் முந்தி என்பதைவிட எனக்கு உறைக்கிற வித்தியாசம் இதுதான். காலியான தளத்தைப் பார்த்துக்கொண்டு அதே டேப்பைத் திரும்ப ஏற்ற என்ன தைரியம் வேண்டும் என்று கன்சோலில் நின்றவர்களுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் இரண்டாவது முறை போட்டாலே மாப்பிள்ளையின் மாமா மேடையிலிருந்து கையை ஆட்டுவார்.

சிங் ஒருவரோடு இந்த வரிசை முடிந்துவிடவில்லை. அதே 1982-ல் ரூபா பிஸ்வாஸ் என்ற வங்காளிப் பெண் கனடாவின் கால்கரியில் ‘டிஸ்கோ ஜாஸ்’ என்று ஒரு எல்.பி. பாடினார். சரோட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர் அலி அக்பர் கானின் மகன் ஆஷிஷ் கான். அதுவும் போகவில்லை. அவரும் ஊர் திரும்பிக் குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். பல வருடம் கழித்து மகன் சொல்லித்தான் அந்த ரெக்கார்டை உலகம் தேடிக்கொண்டிருக்கிற விஷயமே அவருக்குத் தெரிந்தது. 2019-ல் சிகாகோவின் நியூமெரோ குரூப் என்ற லேபிள் மறுபடி வெளியிட்டது. அதில் ‘ஆஜ் ஷனிபார்’ ஒன்று போதும். சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்தைப் பற்றிய பாட்டு. எட்டு நிமிடத்தில் சரோடும் கித்தாரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும், அவசரமே இல்லை. வங்காளி புரியாவிட்டாலும் பெண்கள் பக்கத்தில் தலை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற மூன்று பாட்டுகளையும் வீட்டில் கேளுங்கள்.

நைஜீரியாவின் வில்லியம் ஓன்யேபோருக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். ஏனுகு என்ற ஊரில் சொந்தமாக ரெக்கார்டு அச்சடிக்கும் ஆலையே வைத்திருந்தவர். 1977-லிருந்து 1985 வரை வரிசையாக எல்.பி. போட்டார். சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துக்கொண்டு பத்து நிமிடப் பாட்டுகள். பிறகு கிறிஸ்தவத்தில் தீவிரமாகி, பழைய பாட்டைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். 2013-ல் நியூயார்க்கின் லுவாகா பாப் லேபிள் ஒரு தொகுப்பு போட்டது. அதன் தலைப்பே ‘வில்லியம் ஓன்யேபோர் யார்?’ என்ற கேள்விதான். 2017-ல் இறக்கும் வரை அவர் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. அவருடைய 1979 பாட்டு ‘ஃபென்டாஸ்டிக் மேன்’ கல்யாணத்துக்கென்றே செய்தது போல இருக்கும். நான் எப்படி இருக்கிறேன் என்று ஆண் கேட்க, பெண்கள் கூட்டமாகப் பதில் சொல்லுவார்கள். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும்போது போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, அவரது டிரம்ஸ் சில பாட்டுகளில் கையால் வாசித்தது, அதனால் லூப்பை (திரும்பத் திரும்ப ஓட்டும் துண்டை) நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மேல் வைக்காதீர்கள்.

ஜெர்மனிக்காரர் மானுவேல் கோட்ஷிங்கின் ‘இ2-இ4’ வேறு ரகம். 1981 டிசம்பரில் பெர்லினில் தன் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தது, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இரண்டே இரண்டு கார்டு. 1984-ல் வந்தபோது ஜெர்மனியில் யாரும் சீந்தவில்லை. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லாரி லெவன் போட்டதும்தான் அது நடனத்துக்கான இசை என்பதே செய்தவருக்குத் தெரியவந்தது. 1989-ல் இத்தாலிக்காரர்கள் அதிலிருந்து எடுத்து ‘சுவேன்யோ லத்தினோ’ என்று ஒரு பாட்டாக்கி ஐரோப்பா முழுக்க ஓட்டினார்கள். நீங்கள் முழுசையும் போட வேண்டாம். அரைமணி நேரம் தாண்டிய பிறகுதான் கித்தார் வரும். அங்கிருந்து எடுத்து, குரூப் போட்டோ நேரத்தில் விட்டுவிடுங்கள். போட்டோகிராபர் எவ்வளவு இழுத்தாலும் பாட்டு முடிந்துபோய்விட்டதே என்ற பதற்றம் உங்களுக்கு இருக்காது.

வேகம் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் ஷங்கான் எலெக்ட்ரோ என்ற நடன இசை. நோஸின்ஜா என்பவர் செல்போன் ரிப்பேர் கடை நடத்திக்கொண்டிருந்து, பிறகு ஸ்டுடியோ வைத்தவர். 2010-ல் லண்டனின் ஆனஸ்ட் ஜான்ஸ் லேபிள் அவர் தயாரித்தவற்றைத் தொகுத்தது. நிமிடத்துக்கு 180 அடி வரை ஓடும், மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) மாதிரிக் கீபோர்டு, பாஸ் கிட்டத்தட்டக் கிடையாது. அப்படியே போட்டால் நம்ம கூட்டம் திகைத்து நிற்கும். 180-ஐ 90 என்று எண்ணி, ஒரு நாட்டுப்புறப் பாட்டின் கிக்குக்கு மேல் மெல்ல ஏற்றுங்கள். அந்த பாஸ் இல்லாத குறையை நம்ம உறுமியும் தவிலும் நிரப்பிவிடும். குத்துப்பாட்டுக்கு முன் கூட்டத்தின் நாக்கை மாற்ற, பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே வைக்கும் பாயசம் போல, இரண்டு நிமிடம் போதும்.

உறுமி என்றதும் மாயாவின் ஞாபகம் வருகிறது. எம்.ஐ.ஏ. என்று மேடையில் அழைக்கப்படும் ஈழத்துப் பெண். ‘பேப்பர் பிளேன்ஸ்’ எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தி 2006-ல் வந்த ‘பேர்ட் ஃப்ளூ’வைக் கேட்டவர்கள் குறைவு. உறுமிச் சத்தமே அடித்தளம். அதில் ‘ஜெயம்’ படத்தின் ஒரு திருவிழாப் பாட்டிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். நம்ம சத்தம் லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் நம்ம மண்டபங்களில் ஒருவரும் போடுவதில்லை.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்காரர் ஒரு மூக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். அங்கே அடுத்த சில வருடம் பதிந்த டேப்புகளை பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடியெடுக்க, அவை 2023-ல் ரெக்கார்டாக வந்தன. எஸ்.சி. சர்மா செய்த சிலவற்றுக்கு ‘டான்ஸ் மியூசிக்’ என்றே பெயர். உண்மையைச் சொன்னால் மண்டபத்துக்கு ஆகாது. பீட் தொடங்கும் முன் முப்பது விநாடி முன்னோட்டமாக வைக்கலாம், அவ்வளவுதான். பழசு, அபூர்வம் என்பதற்காக எல்லாவற்றையும் போடச் சொல்கிற ஆள் இல்லை நான்.

இளையராஜாவைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவரை யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று கேட்பீர்கள். ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இங்கிலாந்து லேபிள் 2011-ல் ‘சொல்லச் சொல்ல’ என்ற தலைப்பில் அவருடைய 1977 – 1983 காலத்துப் பாடல்களைத் தொகுத்தது. அவர்கள் தேடியது மெட்டை அல்ல. முன்னிசையையும் இடையிசையையும், அதில் சிந்தசைசர் செய்யும் சேட்டையையும். நாமோ பல்லவியைப் போட்டுவிட்டு, இடையிசை வந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறோம். நான் கெஞ்சிக் கேட்பது, பல்லவியை வெட்டுங்கள், இடையிசையை ஓட விடுங்கள். எட்டு பார் பாஸும் சிந்தசைசரும் மட்டும் போகிற இடங்கள் 80-களின் பாட்டுகளில் ஏராளம். தாளம் கொஞ்சம் ஏறி இறங்கும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரமத்துக்குக் கூலி உண்டு. பல்லவி வராமலே பாட்டைக் கண்டுபிடிக்கும் நாற்பது வயதுக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வருவார்கள்.

இளைய டிஜேக்களுக்கு வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. இவற்றின் அசல் எல்.பி.க்களின் விலை நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது. மறுவெளியீடுகளைக் காசு கொடுத்து முழுத் தரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். வீடியோவிலிருந்து உரித்தெடுத்த எம்.பி.3 ஹெட்போனில் நன்றாகத்தான் இருக்கும். மண்டபத்தில் நாலு 18 அங்குல சப்வூபரில் போட்டால் 808-ன் கிக் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற சத்தமாகிவிடும். இன்னொன்று, 80-களின் ரெக்கார்டுகள் இன்றைய பாட்டுகளைவிடக் குறைந்த சத்தத்தில் பதிந்தவை. கெய்னைப் பாட்டுக்குப் பாட்டு பார்த்து ஏற்றுங்கள், மாஸ்டரைத் தொடாதீர்கள்.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. அடுத்த முறை மின்னணு இசையைப் பற்றி எழுதும்போது கலைஞரின் பெயரோடு எந்தப் பாட்டு, எந்த வருடம், எந்த லேபிள் என்பதையும் ஒரு சின்னக் கட்டத்தில் அச்சிடுங்கள். படித்துவிட்டுத் தேடுகிற பையனுக்கு அது உதவும். இரண்டாவது, வாசகர்களுக்கு. பரணில் பழைய எச்.எம்.வி. எல்.பி.க்கள் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை உறையைப் புரட்டிப் பாருங்கள். ‘டென் ராகாஸ்’ என்று இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறேன். விற்க மனமில்லையென்றால் அதுவும் நல்லதுதான், ஒரு பிளேயரும் ஊசியும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், உங்கள் வீட்டிலேயே போட்டுக் கேட்போம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மைக்செட் – டிஜே,
திண்டுக்கல்.